முடிவில்லாச் சமவெளியில்

டான்சானியா நாட்டின் வடபகுதியில், மேரு மலையின் அடிவாரத்தில், அருஷா என்னும் நகரம் அமைந்துள்ளது. கிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டு விலங்குகளைக் காண விழைவோர் பெரும்பாலும் இவ்வூரிலிருந்தே புறப்படுவர். மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, காப்பித் தோட்டங்களையும் வறண்ட மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, மன்யாரா ஏரிக்கு அருகில் செங்குத்தான மலைச்சுவர் ஒன்றின்மீது வளைந்து வளைந்து ஏறுகின்றது. பூமியின் மேலோடு பிளந்து உண்டான பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரே அது. அதற்கும் அப்பால், அடர்ந்த காட்டினூடே ஏறிச் சென்றால், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் கோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பை அடைகிறோம்.

அவ்விளிம்பில், சாலையோரமாக, கற்களை அடுக்கிக் கூம்புபோலக் கட்டப்பட்ட எளிய கல்லறை ஒன்று இருக்கின்றது. அதில் துயில்பவர் மைக்கேல் கிரிசிமெக் என்னும் ஜெர்மானிய இளைஞர். அவருடைய தந்தையார் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக், ஃபிராங்க்ஃபர்ட் நகரின் விலங்குக் காட்சிச்சாலைக்குத் தலைவராய் இருந்தவர். தந்தையும் மகனும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சிறிய விமானம் ஒன்றுக்கு வரிக்குதிரையைப் போலவே கறுப்பு வெள்ளைக் கோடுகளைத் தீட்டி, 1950களின் இறுதியில் இங்கு வந்து, விலங்குகளை வானிலிருந்து எண்ணத் தொடங்கினர். செரங்கெட்டிப் பூங்காவின் எல்லைகளை மாற்றி அமைக்க அரசு முனைந்திருந்த காலம் அது. விலங்குகள் எத்தனை, அவை எப்பருவத்தில் எங்குச் செல்கின்றன என்பதை அறியாமல் எல்லை வகுப்பது எங்ஙனம்? 1959ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், மைக்கேல் தனியே ஓட்டிச் சென்ற அவ்விமானத்தின்மீது பிணந்தின்னிக் கழுகு ஒன்று மோதியது. விமானம் வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 24. 1987இல் மறைந்த தந்தையின் சாம்பலும் மகனின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

அன்று தொடங்கிய எண்ணிக்கை இன்றும் தொடர்கின்றது. மாட்டின் உடலும், தொங்கும் தாடியும், வளைந்த கொம்பும் கொண்ட வில்டபீஸ்ட் என்னும் மானினம் இங்கு ஏறத்தாழ 13 இலட்சம். வரிக்குதிரைகள் ஏறத்தாழ 2 இலட்சம். சிங்கங்களோ சுமார் 3,000 மட்டுமே. இப்பெருவெளியில், கண்ணெதிரே இத்தனை இரை மலிந்திருக்க, சிங்கங்கள் ஏன் பல்கிப் பெருகவில்லை? இவ்வினாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிக்குதிரையின் பின்னே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

சாம்பலில் விளைந்த புல்

கோரோங்கோரோவின் விளிம்பிலிருந்து மேற்கே இறங்கியதும் காடு முடிந்துவிடுகின்றது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளி. மருந்துக்கும் ஒரு மரமில்லை. முடிவின்றி விரிந்த சமவெளி எனப் பொருள்படும் மாசாய் மொழிச் சொல்லிலிருந்தே 'செரங்கெட்டி' என்னும் பெயர் பிறந்தது என்பர். 1951இல் தேசியப் பூங்காவாகிய இந்நிலத்தின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். 1981இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமை இடங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தென்பகுதியில் மரங்கள் இல்லாமைக்குக் காரணம் வடகிழக்கில் தெரியும் எரிமலைகள். அவற்றுள் ஒன்று இன்றும் அடங்காத ஓல் டொயின்யோ லெங்காய். மாசாய் மக்களின் மொழியில் இதற்குக் 'கடவுளின் மலை' என்று பொருள். நெடுங்காலமாக இம்மலைகள் உமிழ்ந்த சாம்பலைக் காற்று சுமந்து வந்து சமவெளியில் பரப்பியது. மழையிலும் வெயிலிலும் அச்சாம்பலின் அடிப்பகுதி சிமெண்டுத் தளம்போல் இறுகிவிட்டது. மரத்தின் வேர் அதனைத் துளைக்க இயலாது. புல்லின் வேருக்கு மேலே உள்ள சிறிதளவு மண்ணே போதும். அச்சாம்பலில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்திருப்பதால், புல் குட்டையாயினும் சத்து மிக்கது. குட்டி ஈன்று பாலூட்டும் தாய் விலங்குகளுக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. ஆகவேதான் மழைக்காலமாகிய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மந்தைகள் யாவும் இத்தென்வெளியில் வந்து குழுமுகின்றன.

இதே சாம்பல் வேறொரு சான்றையும் காத்து வைத்திருக்கின்றது. சாலைக்குத் தெற்கே லயட்டோலி என்னும் இடத்தில், மேரி லீக்கி அம்மையாரின் குழுவினர் 1970களில், 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலில் நடந்து சென்ற மனிதக் குல முன்னோரின் காலடித் தடங்களைக் கண்டனர். அதே சாம்பற் படிவத்தில், மூன்று விரல்கள் கொண்ட பழங்காலக் குதிரையினத்தின் தடங்களும் பதிந்துள்ளன. குதிரைக் குலத்திற்கும் இப்புல்வெளிக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

ஒளி உணவாகும் இடம்

விலங்கு எதுவாயினும், உணவிலிருந்து இரண்டு பொருள்களைப் பெறுகின்றது. ஒன்று, உடலைக் கட்டும் பொருள். மற்றொன்று, உடலை இயக்கும் ஆற்றல். ஓடுவதற்கும், மூச்சு விடுவதற்கும், இதயம் துடிப்பதற்கும், குளிரிலும் உடல் வெதுவெதுப்பாய் இருப்பதற்கும் ஆற்றல் வேண்டும். இச்சமவெளியில் அந்த ஆற்றல் வெளியிலிருந்து வந்து சேரும் வாயில் ஒன்றே ஒன்று. அது புல் முதலிய பச்சைத் தாவரங்களின் இலை.

இலையிலுள்ள பச்சையம் கதிரவனின் ஒளியைப் பற்றிக்கொள்கின்றது. அவ்வொளியின் வலிமையால், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சேர்த்துத் தாவரம் சர்க்கரையை ஆக்குகின்றது. ஒளிச்சேர்க்கை என நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது இதுவே. ஆயினும், நிலத்தின்மேல் விழும் ஒளி ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு, பல வேளைகளில் அதனினும் குறைவாகவே, தாவரத்தில் சேமிக்கப்படுகின்றது. எஞ்சியது வெப்பமாய்த் திரும்பிவிடும். அல்லது நீரை ஆவியாக்கச் செலவாகும். ஆக, முதற்படியிலேயே பெருஞ்செலவு.

புல்லுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது நுனியிலிருந்து வளர்வதில்லை. மண்ணை ஒட்டியுள்ள அடிப்பகுதியிலிருந்தே வளர்கின்றது. எனவே மேய்ந்த புல் மடிவதில்லை; மழை இருக்கும்வரை மீண்டும் தளிர்க்கின்றது. இத்தனை இலட்சம் வாய்களை ஒரே நிலம் தாங்குவதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

வரிக்குதிரையின் வயிறு

இனி வரிக்குதிரையை அணுகிக் காண்போம். செரோனேரா ஆற்றங்கரைப் புல்வெளியில் அது தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கின்றது. நன்கு வளர்ந்த ஒன்றின் எடை பெரும்பாலும் 200 முதல் 300 கிலோ. அவ்வளவு பெரிய உடல் முழுவதும் புல்லால் ஆனது என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கின்றது. எப்படி இது நிகழ்கின்றது?

புல்லின் தண்டிலும் தாளிலும் உள்ள ஆற்றலின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளில் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அப்பூட்டைத் திறக்கும் திறவுகோல் மாட்டிடமும் இல்லை, குதிரையிடமும் இல்லை. அவற்றின் வயிற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களிடமே அது உள்ளது. அவை நாரை நொதிக்கச் செய்து, எளிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. விலங்கின் குடற்சுவர் அவ்வமிலங்களை உறிஞ்ச, அவையே உடலுக்கு எரிபொருளாகின்றன.

மாடும் வில்டபீஸ்டும் அசைபோடும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நுண்ணுயிர்கள் வயிற்றின் முன்னறையில் வாழ்கின்றன. உண்ட புல் அங்கே தங்கி, மீண்டும் வாய்க்கு வந்து அரைபட்டு, நன்றாக நுண்ணிதாகும்வரை அப்பால் செல்லாது. வேலை முடிந்த நுண்ணுயிர்களையும் அவ்விலங்குகள் செரித்து, அவற்றின் புரதத்தையும் பெற்றுக்கொள்கின்றன. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் முரட்டுத் தண்டுகள் மிகுந்த புல்லை உண்டால் வயிறு அடைத்துக்கொள்ளும். நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

வரிக்குதிரையோ அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை ஒற்றையறை. நுண்ணுயிர்களின் பட்டறை பின்னால், பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலும் அமைந்துள்ளது. புல் அங்கே அதிக நேரம் தங்குவதில்லை. விரைந்து கடந்து செல்கின்றது. ஒவ்வொரு கவளத்திலிருந்தும் பெறுவது மாட்டினும் குறைவு. நுண்ணுயிர்களின் புரதமும் பெரும்பாலும் இலத்தியோடு வெளியேறிவிடும். ஆயினும் உள்ளே செல்லும் கவளங்கள் பல. மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால், மாடு தொடத் தயங்கும் காய்ந்த தண்டையும் அது கத்தரித்து உண்ணும். மணலும் மணற்சத்தும் கலந்த புல்லை அரைத்துத் தேய்வதற்கு ஏற்றவாறு, கடைவாய்ப் பற்கள் ஈறுக்குள் நெடிதாய் ஆழ்ந்திருந்து, தேயத் தேய மேலெழும்பி வருகின்றன.

இதனால் விளைவது யாதெனில், வரிக்குதிரை மட்டமான புல்லையும் மிகுதியாக உண்டு உயிர்வாழ வல்லது. ஆனால் பகலிலும் இரவிலும் பெரும்பொழுதை மேய்வதிலேயே செலவிட வேண்டும். கொஞ்சமாய்க் கிடைக்கும் நல்ல புல்லை நிதானமாய்ச் செரிப்பவன் ஒருவன். நிறையக் கிடைக்கும் முரட்டுப் புல்லை வேகமாய்ச் செரிப்பவன் மற்றொருவன். ஒரே வெளியில் இருவருக்கும் இடம் இருப்பது இந்த வேறுபாட்டினால்தான்.

பந்தியின் வரிசை

மழை ஓய்ந்து தென்வெளி காயத் தொடங்கியதும், மே, ஜூன் மாதங்களில் மந்தைகள் வடமேற்காகப் புறப்படுகின்றன. அங்கே புல் உயரமானது. இந்நடைப்பயணத்தில் பெரும்பாலும் வரிக்குதிரை முன்னே செல்லும், வில்டபீஸ்ட் பின்தொடரும், தாம்சன் மான் என்னும் சிறுமான் இறுதியில் வரும். 1971இல் ரிச்சர்டு பெல் என்னும் ஆய்வாளர் இதனை விளக்கி எழுதினார். வரிக்குதிரை உயரமான முரட்டுத் தண்டுகளை உண்டு நீக்க, கீழேயுள்ள இலைகள் வில்டபீஸ்டுக்கு எட்டுகின்றன. அதுவும் மேய்ந்து சென்றபின் துளிர்க்கும் இளந்தளிர் சிறுமானின் சிறுவாய்க்கு ஏற்றதாகின்றது என்றார் அவர்.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு இப்படத்தைத் திருத்தியிருக்கின்றது. கழுத்துப் பட்டையில் பொருத்திய கருவிகளாலும், தானாய் இயங்கும் ஒளிப்படக் கருவிகளாலும், சாணத்தில் எஞ்சிய தாவர மரபணுக்களாலும் மூவினங்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், வரிக்குதிரை முன்னே செல்வது பிறருக்கு வழிசெய்வதற்காக அன்று என்கின்றனர். பல இலட்சமாய் வரும் வில்டபீஸ்ட் மந்தை நிலத்தை மொட்டையடித்துவிடும். அதற்குமுன் தன் பங்கை உண்ண வேண்டி வரிக்குதிரை முந்திச் செல்கின்றது. வில்டபீஸ்டின் பின்னே சிறுமான் வருவதோ உண்மையிலேயே அதனால் பயன்பெறுவதற்காக. போட்டியும் உதவியும் ஒரே வரிசையில் பின்னிக் கிடக்கின்றன.

ஒரு குடும்பமும் அதன் கோடுகளும்

தொலைவிலிருந்து ஒரே கூட்டமாய்த் தோன்றுவது, உற்று நோக்கினால் சிறுசிறு குடும்பங்களாகப் பிரியும். ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள், இதுவே குடும்பம். பெண்கள் பல ஆண்டுகள் ஒன்றாய் வாழும். கரு வயிற்றில் தங்கும் காலம் ஓராண்டுக்கும் சற்று மிகுதி. பழுப்புக் கோடுகளுடன் பிறக்கும் குட்டி ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நின்றுவிடும். முதல் சில நாட்கள் தாய் மற்றவற்றை அருகே அண்டவிடாது. தன் கோடுகளையும் மணத்தையும் குரலையும் குட்டி பழகிக்கொள்வதற்கே இந்தக் கண்டிப்பு. ஒன்றன் கோடு மற்றொன்றுக்கு இராது. நம் கைரேகையைப் போல.

கோடுகள் எதற்காக என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிங்கத்தின் கண்ணை ஏமாற்றவே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. டார்வினும் வாலஸும்கூட இதுபற்றிக் கருத்து வேறுபட்டனர். இன்று வலுவான சான்று இருப்பது வேறொரு விளக்கத்திற்கு. குருதி குடிக்கும் குதிரை ஈயும் செட்சீ ஈயும் கோடிட்ட பரப்பில் சரியாய் இறங்க முடியாமல் தடுமாறுகின்றன. டிம் கேரோவும் உடனுழைத்தோரும் 2019இல் சாதாரணக் குதிரைகளுக்கு வரிக்கோட்டுப் போர்வையும் ஒற்றை நிறப் போர்வையும் மாறி மாறி அணிவித்துப் பார்த்தபோது, கோடிட்ட துணியின்மீது ஈக்கள் மிகக் குறைவாகவே அமர்ந்தன. அதே ஆண்டு ஜப்பானில் கறுப்புப் பசுக்களின்மீது வெள்ளைக் கோடுகள் தீட்டியபோது, ஈக்கடி ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. உண்போர் வரிசையில் சிங்கத்தை மட்டுமே நாம் காண்கிறோம். குருதியைக் குடித்து நோயையும் கொடுத்துச் செல்லும் ஈயும் அவ்வரிசையில் உண்டு.

மேலே செல்லச் செல்ல

இப்போது முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். சிங்கங்கள் ஏன் சிலவே?

1927இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் எல்டன், உண்பதும் உண்ணப்படுவதுமாய்த் தொடரும் இவ்வரிசையை உணவுச் சங்கிலி என்றும், அதில் மேலே போகப் போக எண்ணிக்கை கோபுரம்போலக் குறுகும் என்றும் விளக்கினார். ஏன் குறுகுகின்றது என்பதை ஆற்றலின் கணக்காக்கிக் காட்டியவர் அமெரிக்கரான ரேமண்ட் லிண்டமன். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு சதுப்பு ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதன் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் தங்குகின்றது, எவ்வளவு செலவாகின்றது என்று கணக்கிட்டார். அக்கட்டுரை 1942இல் அச்சேறியபோது அவர் உயிரோடில்லை. 27 வயது நிறைவதற்கு முன்பே நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

அக்கணக்கை வரிக்குதிரைக்குப் பொருத்திப் பார்ப்போம். விளைந்த புல் முழுவதும் அதன் வாய்க்கு வருவதில்லை. ஒரு பகுதியைக் கறையானும் வெட்டுக்கிளியும் உண்ணும், ஒரு பகுதி காட்டுத்தீக்கு இரையாகும், ஒரு பகுதி மட்கிப்போகும். உண்ட புல்லிலும் செரியாதது இலத்தியாய் வெளியேறும். செரித்ததில் மிகப்பெரும் பங்கு, நடக்கவும், ஓடவும், மூச்சுவிடவும், குருதியை வெதுவெதுப்பாய் வைத்திருக்கவும் செலவாகி, வெப்பமாய்க் காற்றில் கலந்துவிடும். இரவு வானத்தின்கீழ் நிற்கும் ஒவ்வொரு வரிக்குதிரையும் ஓர் அடுப்பைப் போல் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றது. சென்ற வெப்பம் மீண்டும் புல்லாவதில்லை. இறுதியில் தசையாகவும் எலும்பாகவும் குட்டியாகவும் எஞ்சுவதுதான் சிங்கத்திற்குக் கிடைக்கக்கூடியது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு சேரும் எனப் பாடநூல்கள் பொதுக் கணக்காய்க் கூறும். வெப்பக் குருதி கொண்ட பெரிய விலங்குகளில் அந்த அளவுகூடத் தேறுவதில்லை. செரித்த உணவில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே புது உடலாகின்றது.

அந்தச் சிறு எச்சத்திலும் சிங்கத்திற்குப் பங்காளிகள் பலர். கழுதைப்புலி, சிறுத்தை, முதலை, கழுகு யாவும் கேட்கின்றன. வேட்டையும் எளிதன்று. 1966 முதல் இங்கே தங்கிச் சிங்கங்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஷேலர், அவற்றின் பெரும்பாலான முயற்சிகள் தோல்வியிலேயே முடிவதைக் கண்டார். துரத்தப்படும் வரிக்குதிரைக் குடும்பத்தில் பெண்களும் குட்டிகளும் முன்னே ஓட, ஆண் பின்னே நின்று, பற்களாலும் பின்னங்கால் உதையாலும் எதிர்க்கும். தாடை உடைந்த சிங்கம் பட்டினியால் சாகும். ஆதலால்தான் காட்டரசன் எனப் பெயர்பெற்ற விலங்கு நாளில் 20 மணி நேரம்வரை நிழலில் படுத்துக் கிடக்கின்றது. அது சோம்பலன்று, கிடைத்ததைச் செலவழிக்காமல் காக்கும் வழி. சிங்கத்தை உண்டு வாழும் ஒரு பெருவிலங்கு இல்லாமைக்கும் காரணம் இதுவே. அதற்கு மேலும் ஒரு படி கட்டப் போதிய ஆற்றல் எஞ்சவில்லை.

ஒரு கண்ணி அறுந்தபோது

இச்சங்கிலி எத்துணை நுட்பமாய்ப் பின்னப்பட்டது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு பெருந்துன்பம் காட்டியது. நம் ஊர்ப் பெரியவர்கள் மாட்டு வெக்கை நோய் என்று அஞ்சிய கொள்ளைநோய், 1887 அளவில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் நுழைந்தது. இத்தாலியப் படைக்கென இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய மாடுகளோடு அது சென்றது எனப் பலர் எழுதியுள்ளனர். பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனைவரை பரவியது. பல இடங்களில் பத்து மாடுகளில் ஒன்பது மடிந்தன. பாலையும் மந்தையையும் நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பசியால் பெருந்தொகையாய் மாண்டனர். அசைபோடும் இனங்களாகிய எருமையும் வில்டபீஸ்டும் அழிந்தன. குதிரைக் குலத்தைச் சேர்ந்த வரிக்குதிரையை அந்நோய் தீண்டவில்லை.

நோய் அதன்பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாய் அங்கேயே தங்கி, ஆண்டுதோறும் வில்டபீஸ்டின் இளங்கன்றுகளைக் கொன்றுவந்தது. கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி உட்பட, பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குப் போடப்பட்ட ஊசிகளே நிலையை மாற்றின. ஊசி போட்டது வீட்டு மாடுகளுக்கு. பிழைத்தது காட்டு விலங்கு. 1963க்குப் பின் வில்டபீஸ்டுகளிடம் நோய் காணப்படவில்லை. 1961இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாய் இருந்த அவை, 1977இல் 13 இலட்சமாயின. உயரமான புல் மேயப்பட்டதால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் இளமரங்கள் தலைதூக்கின. உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது.

இத்தனை மாற்றத்திலும் வரிக்குதிரைகளின் தொகை மட்டும் 2 இலட்சம் அளவிலேயே நின்றது. புல்லுக்குப் பஞ்சம் வந்ததால் அன்று. வில்டபீஸ்டுகள் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் ஒருங்கே ஈனுகின்றன. இலட்சக்கணக்கான கன்றுகள் ஒரே வேளையில் பிறக்கும்போது, உண்போர் எத்தனை உண்டாலும் பெரும்பகுதி தப்பிவிடும். வரிக்குதிரைக் குட்டிகளோ ஆண்டின் பல மாதங்களிலும் பிறக்கின்றன. முதலாண்டிலேயே பல மடிகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் அவற்றைப் பிடிப்பதே இதற்குப் பெருங்காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். கீழிருந்து உணவு தாங்க, மேலிருந்து வேட்டை அழுத்த, இடையில் ஓர் இனம் தன் அளவில் நிற்கின்றது.

மாரா ஆற்றங்கரை

ஜூலை முதல் அக்டோபர் வரை மந்தைகள் வடக்கே மாரா ஆற்றின் இருமருங்கிலும் இருக்கும். கென்யாவின் மாவ் மலைக்காடுகளில் பிறந்து, விக்டோரியா ஏரியில் கலக்கும் இவ்வாறு, கொடிய கோடையிலும் வற்றாதது. நீர் பெருகிய நாட்களில் அதனைக் கடக்கும்போது வில்டபீஸ்டுகள் நூற்றுக்கணக்கில் மூழ்கி இறக்கும். ஆண்டொன்றுக்குச் சராசரி 6,250 உடல்கள், ஏறத்தாழ 1,100 டன் எடை, ஆற்றில் சேர்வதாக 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கழுகும் நாரையும் வந்திறங்குகின்றன, மீன்கள் உண்கின்றன, தசை சில வாரங்களில் கரைந்துவிடுகின்றது. எலும்பு கரைவதற்கு 7 ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அது சிறிது சிறிதாய்ப் பாஸ்பரசை நீருக்குத் தந்துகொண்டே இருக்கும்.

கரையில் நின்று இதனைக் காண்போர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். உடலைக் கட்டிய பொருள் வீணாவதில்லை. சாம்பலிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து எலும்புக்கும், எலும்பிலிருந்து நீருக்கும் மண்ணுக்கும் சென்ற பாஸ்பரசு மீண்டும் புல்லாக வழியுண்டு. வரிக்குதிரையின் இலத்தியைச் சாணவண்டு உருட்டிச் சென்று புதைப்பதும் அவ்வேலையே. ஆனால் ஆற்றலுக்குத் திரும்பும் வழி இல்லை. அது ஒருமுறையே வரும். படிப்படியாய்க் குறைந்து வெப்பமாய்ப் போய்விடும். நாள்தோறும் கதிரவன் புதிதாய்த் தந்தாக வேண்டும். நாள்தோறும் புல் அதனை வாங்கியாக வேண்டும். புல்வெளி சுருங்கினால், சுருங்கியது மேற்படிகள்தோறும் பன்மடங்காய்த் தெரியும்.

ஆகவே, இங்கே காக்க வேண்டியது சிங்கத்தை மட்டும் அன்று. புல்லையும், மழையைத் தேடி அப்புல்லை நோக்கிச் செல்லும் பாதையையும் காக்க வேண்டும். 2010இல் பூங்காவின் வடபகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை அமைக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, உலகெங்கும் கவலை எழுந்தது. தார்ச்சாலை கூடாதெனக் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இதில் மனிதரின் துயரமும் மறைந்திருக்கின்றது. பூங்காவுக்கென 1959இல் தம் மேய்ச்சல் நிலத்தைவிட்டுக் கோரோங்கோரோவுக்குப் பெயர்ந்தவர்கள் மாசாய் மக்கள். கென்யாவில் நடைபெற்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கோடையில் வரிக்குதிரை முதலிய காட்டு விலங்குகளோடு மேயும் மாடுகள் இளைப்பதையும், மழைக்காலத்தில் அவற்றோடு மேயும் மாடுகள் நன்கு கொழுப்பதையும் காட்டியது. முற்றிய தண்டைக் காட்டு விலங்குகள் நீக்கிவிடுவதே அதற்குக் காரணம். மேய்ப்பனும் காட்டு விலங்கும் என்றும் பகைவராய் இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

நவம்பரில் தெற்கே கருமேகம் திரளும். இடியோசை கேட்டதும் மந்தைகள் மீண்டும் திரும்பி நடக்கத் தொடங்கும். சாம்பல் படிந்த அச்சமவெளியில் புதுப்புல் முளைத்திருக்கும். பாதை திறந்திருக்கும்வரை, வரிக்குதிரைகள் தம் குட்டிகளை நடுவில் விட்டு அங்குப் போய்ச் சேரும்.